நிலுவை எதுவும் இல்லை

"என் லாரி மூணும் கேட்ல—"

"அக்கா, ஒரு நிமிஷம் நான் சொல்றதை—"

"பத்து மணிலேருந்து நிக்குது. டிரைவருங்க வண்டிக்கு அடியில படுத்துத் தூங்கறாங்க. வண்டி நிறைய மெத்தையை ஏத்தி வெச்சுக்கிட்டு மண்தரையில படுத்திருக்காங்க. அதைப் பாக்கவே எனக்கு—"

"நூத்தி எண்பத்தஞ்சு ஃபோனை வைஃபைல பதிஞ்சுட்டேன் அக்கா. ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

"அந்த ஒண்ணு யாரோடது?"

"மேனேஜரோடது."

"அப்ப மிச்ச நூத்தி எண்பத்தஞ்சை வெச்சுக்கிட்டு நான் என்ன நாக்கு வழிக்கிறதா?"

ஒயர்க்காரர் மணியைப் பார்த்தார். சரக்கு லாரிகளை அனுப்பும் பொறுப்பு லாரி அக்காவுடையது; அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

அது ஒரு மெத்தைத் தொழிற்சாலை. ஒயர்க்காரருக்குச் சம்பளப் பட்டியலில் நீளமாக ஒரு பதவிப் பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. பத்தொன்பது வருடமாக அந்தக் கட்டடத்தின் கூரைக்குள்ளும் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் ஒயர் இழுத்துக் கம்ப்யூட்டர்களைக் கோத்தவர் அவர். எந்த ஒயர் எந்த ஓட்டை வழியாக எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அப்படிப்பட்டவரிடம்தான், இனி ஒயரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தலைமை அலுவலகத்து உத்தரவு இது: இனிமேல் எல்லா வேலையும் அவரவர் செல்ஃபோனில், வைஃபை வழியாக நடக்க வேண்டும். லீவு கேட்பதும், சரக்கு கேட்பதும், லாரி வெளியே போக அனுமதி கேட்பதும், கொடுப்பதும் எல்லாமே. பதிவு செய்யாத ஃபோனை இன்று காலை பத்து மணியிலிருந்து உள்ளே விடக் கூடாது. மாலை நாலு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் நேரில் வந்து சரிபார்ப்பார். நூற்று எண்பத்தாறு பேரின் ஃபோனும் உள்ளே இருந்து வேலையும் ஒழுங்காக நடந்தால், இந்தப் பொறுப்பு ஒயர்க்காரரிடமே இருக்கும். இல்லையென்றால் வெளியார் யாரிடமாவது கொடுத்துவிட்டு ஒயர்க்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கடிதத்தில் இதை மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். அதனாலேயே அவர் அதை மூன்று தடவை படித்தார்.

"ரெண்டு வாரமா மேனேஜர்கிட்ட கேட்டுக்கிட்டே இருக்கேன். அப்புறம் பாக்கலாம், அப்புறம் பாக்கலாம்ங்கறார்."

"அப்புறம்தான் வந்துடுச்சே. போய் பிடுங்கிட்டு வாங்க."

மேனேஜர் தங்கமான மனிதர். குரலை உயர்த்தத் தெரியாது. அவர் மேசைக்குப் பின்னால் ஒரு கேடயம் இருந்தது. எல்லாக் கிளைகளிலும் மிக வேகமாக அனுமதி கொடுக்கும் மேனேஜர் என்று தலைமை அலுவலகம் கொடுத்தது. யார் கம்ப்யூட்டரில் எது கேட்டாலும் அவர் ஃபோனிலிருந்து இரண்டே நிமிடத்தில் பதில் வரும். வேறு எந்தக் கிளையிலும் இரண்டு நாளாகும்.

"ஃபோனா? எடுத்துக்கங்க." மேசை இழுப்பறையின் அடியில், பழைய டைரிக்குக் கீழே இருந்து எடுத்துக் கொடுத்தார். "இதை நான் ரொம்பத் தொடறதில்லை."

"அடக்கம் சார் உங்களுக்கு" என்றார் ஒயர்க்காரர்.

பதிவு செய்ய மூன்று நிமிடம் ஆயிற்று. ஒயர்க்காரர் கையிலிருந்த டேப்லெட் திரையில் நூற்று எண்பத்தாறு என்று வந்தது. ஒயர்க்காரர் நிம்மதியாக மூச்சு விட்டார். அந்த மூச்சு முடிவதற்குள் மேனேஜரின் ஃபோன் டிங் என்றது. பிறகு நிறுத்தாமல் அறுபத்து மூன்று தடவை டிங் டிங் என்றது.

மேனேஜர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "என்ன இது?"

"அனுமதி கேட்டு வந்திருக்கு சார். காலைலேருந்து தேங்கி இருந்தது. நீங்க பட்டு பட்டுன்னு தட்டிவிட்டா முடிஞ்சுது."

"எங்கிட்டயா கேக்கறாங்க?"

"நீங்கதானே சார் மேனேஜர்?"

"அது சரி." மேனேஜர் ஃபோனைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "ஆனா இது எப்பவும் காலியா இருக்கும். 'நிலுவை எதுவும் இல்லை'ன்னு பச்சையா எழுதியிருக்கும். நீங்க என்னமோ பண்ணி அதைக் கெடுத்துட்டீங்க."

"நான் ஒண்ணும் பண்ணலையே சார்."

"நீங்க தொடறதுக்கு முன்னாடி நல்லா இருந்தது. தொட்டதும் அறுபத்து நாலு. எனக்குப் பழையபடி பச்சையா ஆக்கிக் குடுங்க."

நாலு மணிக்கு வருகிற அம்மாளிடம் நல்லது கெட்டது சொல்லப் போகிறவர் மேனேஜர்தான். ஒயர்க்காரர் வாதாடவில்லை. அறுபத்து நான்கையும் அழித்துப் பச்சையாக்கிக் கொடுத்தார்.

"இதோ. இப்படித்தான் இருக்கும்" என்று மேனேஜர் சந்தோஷமாக அதை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

பத்து நிமிடம் கழித்து, கேட்டது என்ன ஆயிற்று என்று தெரியாத அறுபத்து நான்கு பேரும் மறுபடி கேட்டார்கள். சந்தேகத்துக்கு ஆளுக்கு இரண்டு தடவை. பூட்டிய இழுப்பறைக்குள்ளிருந்து நூற்று இருபத்தெட்டு தடவை டிங் என்று சத்தம் வந்தது. மேனேஜர் இழுப்பறையைப் பார்த்தபடி சுவரோரம் நின்றார்.

வெளியே லாரி அக்கா கேட்டில் நின்று வாட்ச்மேனிடம் தொண்டை வறளப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரு துண்டுச் சீட்டுல எழுதித் தரேன். கையெழுத்தும் போடறேன். கதவைத் திற."

"சீட்டெல்லாம் இனிமே கிடையாதும்மா. ஃபோன்ல அனுமதி வந்தா கம்பி தானாத் தூக்கும். இல்லைன்னா தூக்காது."

"யார் சொன்னா?"

வாட்ச்மேன் சுவரைக் காட்டினார். *காகிதத்தை மறப்போம்* என்று ஒயர்க்காரரின் கையெழுத்தில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது. அதுவும் காகிதத்தில்தான்.

லாரி அக்கா திரும்பி ஒயர்க்காரரைப் பார்த்த பார்வையில், அவர் அந்த நோட்டீஸைக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதனால் கம்பி தூக்கவில்லை.

தொழிற்சாலை யாருக்காகவும் நிற்பதில்லை. நாலு நிமிடத்துக்கு ஒரு மெத்தை வந்துகொண்டே இருந்தது. லாரி போனால்தான் கிடங்கு காலியாகும். கிடங்கு நிறைந்துவிட்டது. வெளியே வைக்கலாம் என்றால் வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

"ஆபீஸ் நடைல அடுக்குங்க" என்றார் ஒயர்க்காரர். "ஒரு மணி நேரம்தானே. நான் மேனேஜரைச் சரிபண்ணிடறேன்."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. நடையின் இரண்டு பக்கமும் கூரை வரைக்கும் மெத்தை நின்றது. அத்தனையும் ஸ்பிரிங் மெத்தை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஐநூறு இரும்புச் சுருள். வைஃபை பெட்டி நடையின் நடுவில், கூரையில் இருந்தது.

கையிலிருந்த திரையில் நூற்று எண்பத்தாறு, நூற்று எழுபத்தொன்று ஆயிற்று. ஒயர்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். நூற்று அறுபத்தாறு.

"அக்கா, மெத்தையை எடுக்கச் சொல்லுங்க. சிக்னலை மறைக்குது."

"எங்க வைக்கட்டும்? என் தலை மேலயா?"

அவர் ஏணியைக் கொண்டுவந்து வைஃபை பெட்டியைக் கழற்றினார். மெத்தைக்கு அந்தப் பக்கம் மாட்டினால் சரியாகிவிடும். ஆனால் பெட்டிக்கு ஒயர் வேண்டும். ஒயர் இல்லாத காலத்துக்காக நாற்பது மீட்டர் ஒயரைத் தோளில் சுற்றிக்கொண்டு, மெத்தைச் சுவருக்கு மேலே தவழ்ந்து போனார். பாதி வழியில் மெத்தை அமுங்கி, இரண்டு அடுக்குக்கு நடுவே இடுப்புவரை இறங்கிவிட்டார். அந்த நிலையில்தான் அவருடைய ஃபோன் அடித்தது.

"என்னங்க, எத்தனை ஆச்சு?" மனைவியின் குரல்.

"நூத்தி ஐம்பத்தெட்டு."

"காலைல கிளம்பறப்ப நூத்தி எண்பத்தஞ்சுன்னீங்க."

"ஆமா."

"கூட்டல்ல இருந்தது கழித்தலுக்குப் போயிடுச்சா?"

"மெத்தை மறைக்குது."

"படுத்திருக்கீங்களா?"

"படுக்கல. சொருகியிருக்கேன். சாயந்திரம் சொல்றேன்."

"சாயந்திரம் நல்ல சேதியாச் சொல்லுங்க. வீட்டு வாசல்ல நின்னு உங்க மூஞ்சியைப் பாத்தே தெரிஞ்சுக்கற மாதிரி வெச்சுடாதீங்க."

இரண்டு பேர் இழுத்து அவரை வெளியே எடுத்தார்கள். தலைமுடியெல்லாம் பஞ்சு. பெட்டியை மாட்டி முடித்து, இறங்கி வந்து திரையைப் பார்த்தபோதுதான் அதைக் கவனித்தார். எண்ணிக்கைக்குக் கீழே சிவப்பாக ஒரு வரி. பதியாத ஃபோன் ஒன்று உள்ளே வரப் பார்க்கிறது. 'மேனேஜர்' என்ற பெயரிலேயே. காலை பத்து மணியிலிருந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கதவைத் தட்டியிருக்கிறது.

"அக்கா, கொஞ்சம் இங்க வாங்க." குரல் தானாகத் தணிந்தது. "யாரோ வெளியிலேருந்து நம்ம மேனேஜர் பேர்ல புகுந்துக்கப் பாக்கறான்."

"பூட்டியிருக்கீங்கல்ல? பிறகென்ன?"

"இன்னிக்குப் பூட்டியிருக்கேன். நேத்து வரைக்கும் பூட்டலியே." பழைய பதிவுகளைத் தோண்டினார். அதில் மூன்று வருடத்துக் கணக்குதான் நிற்கும். பார்க்கப் பார்க்க அவர் முகம் வெளுத்தது. "அக்கா, இதுவரைக்கும் வந்த ஒவ்வொரு அனுமதியும் அந்த ஃபோன்லேருந்துதான் வந்திருக்கு. மூணு வருஷமா நம்ம கம்பெனியை ஒரு திருடன் நடத்தறான்."

லாரி அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "என்னத்தைத் திருடினான்?"

"அதுதான் பாக்கறேன். எதையும் காணோம்னு தெரியலையே."

"இது என்னோடது. போன வருஷம் நாலு டயர் கேட்டிருந்தேன். 'முன்பக்கம் இரண்டு போதும், பின்பக்கம் இன்னும் ஆறு மாதம் ஓடும்'னு பதில் வந்தது."

"ஓடிச்சா?"

"கரெக்டா ஆறு மாசம் ஓடிச்சு."

"இதைப் பாருங்க. புது நுரை வாங்கலாமான்னு கேட்டதுக்கு, 'நாலு மாதத்தில் பள்ளம் விழும், வேண்டாம்'னு எழுதியிருக்கான்."

"திருடனுக்கு நுரை தெரியுது."

"வெட்டற செக்‌ஷன்ல ஒருத்தர் அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு ரெண்டு நாள் லீவு கேட்டிருக்கார். 'ஐந்து நாளாக எடுத்துக்கொள்ளுங்கள். அவசரப்பட்டுத் திரும்ப வேண்டாம்.'"

லாரி அக்கா நிமிர்ந்தார். "தம்பி, இந்தத் திருடனை விட்டுடலாமே."

ஒயர்க்காரர் கேட்கவில்லை. அவர் தன்னுடைய பெயரில் வந்த ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். போன வருடம் அவர் உயரமான ஏணி கேட்டிருந்தார். 'ஏணி தரப்படும். தனியாக ஏற வேண்டாம், கீழே ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்களை நம்பி வீட்டில் ஆள் இருக்கிறார்கள்' என்று வந்திருந்தது. அன்று அதை வீட்டில் படித்துக் காட்டியிருந்தார். இந்த மேனேஜருக்காக எத்தனை ஒயர் வேண்டுமானாலும் இழுக்கலாம் என்று மனைவியிடம் சொல்லியிருந்தார்.

"இதை வெளியே சொன்னா, மூணு வருஷமா ஓட்டை இருந்தது உனக்குத் தெரியலையான்னு என்னை அனுப்பிடுவாங்க. சொல்லலைன்னா நாலு மணிக்கு அந்த அம்மாவே கண்டுபிடிச்சிடுவாங்க."

"மணி என்ன?"

"மூணு நாப்பது."

திருடனை அடியோடு ஒழித்துவிடுவது என்று முடிவுசெய்து, 'மேனேஜர்' என்ற பெயரையே ஒயர்க்காரர் முழுசாகப் பூட்டினார். சிவப்பு வரி மறைந்தது. கூடவே மேனேஜரின் சொந்த ஃபோனும் வெளியே போனது. அவர் அதைச் சொல்ல மேனேஜரின் அறைக்கு ஓடினார். நடையில் ஓட முடியாது. மெத்தைக்கு நடுவே பக்கவாட்டில் நண்டு மாதிரி போக வேண்டியிருந்தது. லாரி அக்காவும் பின்னாலேயே நண்டாக வந்தார்.

மேனேஜர் இழுப்பறையைத் திறந்து வைத்துக்கொண்டு முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தார்.

"சரியாயிடுச்சு. நீங்க கெட்டிக்காரர். பாருங்க, பச்சை."

"சார், அது பூட்டினதாலதான் பச்சையா இருக்கு."

"பச்சையா இருந்தாப் போதும்."

"சார்." ஒயர்க்காரர் கதவைச் சாத்தினார். மேனேஜரின் மேசைக்கு எதிரே இரண்டு மெத்தையை யாரோ கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதில் சாய்ந்துகொண்டார். "சார், ஏணி தரேன், தனியா ஏறாதேன்னு எனக்கு எழுதினது நீங்கதானே?"

"எந்த ஏணி?"

"என் டயர்?" என்றார் லாரி அக்கா.

மேனேஜர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கேடயத்தைத் திரும்பிப் பார்த்தார். மெல்ல நாற்காலியில் அமிழ்ந்தார்.

"உக்காருங்க. ரொம்ப நாளா யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்தேன்." குரல் இன்னும் தணிந்தது. "மூணு வருஷம் முன்னாடி நான் இங்க வந்த முதல் நாள் இந்த ஃபோனைக் குடுத்தாங்க. திறந்தேன். நிலுவை எதுவும் இல்லைன்னு இருந்தது. மறுநாளும் அப்படித்தான். ஒரு வாரம் பாத்தேன். லாரி போகுது, சரக்கு வருது, எல்லாரும் வந்து 'நன்றி சார்'ங்கறாங்க. எதுக்கு நன்றின்னு கேக்க வெக்கமா இருந்தது."

"நீங்க ஒண்ணு கூட..."

"ஒண்ணு கூட இல்லை. இந்தக் காலத்துல எல்லாம் தானா நடக்கும்போல, மெஷினே யோசிச்சுப் பதில் போடும்போலன்னு நினைச்சேன். நல்லா நடக்கறதைக் கையை வெச்சுக் கெடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன். கேடயம் வேற குடுத்தாங்க. வேண்டாம்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க."

"மெஷின் 'அவசரப்பட்டுத் திரும்ப வேண்டாம்'னு எழுதுமா சார்?"

"அப்படியா எழுதியிருக்கு?" மேனேஜரின் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. "நல்ல மெஷின்."

"மெஷின் இல்லை சார். திருடன்."

அப்போதுதான் கதவு திறந்தது. தலைமை அலுவலகத்து அம்மாள் மெத்தைகளுக்கு நடுவே பக்கவாட்டில் நுழைந்து வந்து, கைப்பையை விடுவித்துக்கொண்டு, மூக்கின் மேலிருந்த பஞ்சைத் தட்டினார். பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்.

"ரெண்டு நிமிஷ மேனேஜர் நீங்கதானா? உங்களைப் பாக்கத்தான் முக்கியமா வந்தேன். மத்த பதினோரு தொழிற்சாலையிலயும் ஃபோன் இருக்கு, வைஃபை இருக்கு, ஒருத்தருக்கும் அனுமதி வர மாட்டேங்குது. இங்க மட்டும் எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க." நோட்டைத் திறந்தார். "என் முன்னாடி ஒண்ணே ஒண்ணு குடுத்துக் காட்டுங்க."

மேனேஜர் ஃபோனை எடுத்துப் பார்த்தார். ஃபோன் பச்சையாகவே இருந்தது.

"ஃபோன் பூட்டியிருக்கும்மா" என்றார் ஒயர்க்காரர். சொல்லிவிடுவது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வாசலில் நின்று மனைவி தன் முகத்தைப் படிக்கிற காட்சி கண்முன் வந்தது. "நான்தான் பூட்டினேன். மூணு வருஷமா மேனேஜர் பேர்ல வேற யாரோ அனுமதி குடுத்துக்கிட்டு இருந்திருக்காங்க. யாருன்னு தெரியாது. ஓட்டை என்னோடது. பேரைப் பதிஞ்சப்ப ஆளோட பேரைப் போடாம பதவியோட பேரைப் போட்டது நான்தான். யார் கையில அந்தப் பேரு தங்கிப்போச்சோ, நான் பாக்காம விட்டுட்டேன்."

தலைமை அலுவலகத்து அம்மாள் பேனாவின் மூடியை மெதுவாகக் கழற்றினார். "அப்ப இந்த மூணு வருஷத்துல என்னென்ன நஷ்டம்?"

"அதான்மா தெரியலை. திருடன் ஒரு தப்பு கூடப் பண்ணலை."

"டயர் விஷயத்துல தங்கம்" என்றார் லாரி அக்கா.

நோட்டில் அந்த அம்மாள் என்ன எழுதுகிறார் என்று ஒயர்க்காரரால் தலைகீழாகப் படிக்க முடியவில்லை. தன் பெயரின் முதல் எழுத்து மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து வாட்ச்மேன் கதவிடுக்கில் தலையை நீட்டினார்.

"சார், பழைய மேனேஜர் வீட்டம்மா வந்திருக்காங்க. ஒயர்க்காரரைத்தான் பாக்கணுமாம். சீட்டு எழுதித்தான் உள்ள விட்டேன், கோவிச்சுக்காதீங்க."

வாட்ச்மேனைத் தள்ளிக்கொண்டு, கலைந்த தலையும் அவசரமாகச் சுற்றிய புடவையுமாக ஒரு பெண்மணி உள்ளே வந்தார். மேனேஜரையும் பார்க்கவில்லை, நோட்டோடு நின்ற அம்மாளையும் பார்க்கவில்லை. வாட்ச்மேன் சொன்ன பஞ்சு படிந்த தலையை அடையாளம் வைத்து நேராக ஒயர்க்காரரிடம் போனார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனது மூணு வருஷம் முன்னாடி, வேலையை நிறுத்தினது இன்னிக்குக் காலைல பத்து மணிக்கு, அதுக்குள்ள என் அடுக்களையில இருக்கற டப்பா ஒவ்வொண்ணையும் இறக்கி வெச்சு, இது எதுக்கு, அது எதுக்குன்னு கேட்டு, எதுக்கும் என்னை அவர்கிட்ட அனுமதி கேக்கச் சொல்றார், தயவுபண்ணி அவர் ஃபோனைத் திறந்து விட்டுடுங்க."